கத்துபவர் குற்றவாளி அல்ல

1

திருடியவரைக் குறிக்க நம்மிடம் தெளிவான ஒரு சொல் இருக்கிறது. வாங்கியதைத் திருப்பித் தராதவரைக் குறிக்க அப்படி எதுவும் இல்லை. 'மறந்திருப்பார்', 'கேட்டா கொடுத்திடுவார்', 'அவருக்கு ஆயிரம் வேலை' என்று இழுக்கிறோம். நூலகத்தில் ஒருவர் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துப் போகிறார். இன்னொருவர் முறையாகக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய், ஐந்து வருடம் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். அந்தப் புத்தகத்தைத் தேடி வருகிற மாணவிக்கு இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். அவள் பார்ப்பது அலமாரியில் ஒரு காலி இடம். ஆனால் நம் ஒழுக்கக் கணக்கில் முதலாமவர் குற்றவாளி, இரண்டாமவர் மறதிக்காரர்.

இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அவரைப் பற்றி நான் அதிகம் யோசித்தது தத்துவப் புத்தகங்களைப் படிக்கும்போது அல்ல, என் அன்றாட வேலையில். இணையப் பயன்பாடுகளின் பின்னால் நடக்கிற ஒரு சின்னக் கோளாறு, 'நான் ஒண்ணும் பண்ணலையே' என்கிற வாக்கியத்தின் முழு எடையையும் எனக்குக் காட்டியது. அதன் பெயர் கனெக்ஷன் லீக். தொடர்புக் கசிவு என்று சொல்லலாம். தொழில்நுட்பம் தெரியாதவர்களும் தயங்காமல் உள்ளே வரலாம். இதில் புரியாதது எதுவும் இல்லை.

பல ஊர்களில் பொதுப் பாத்திரங்கள் உண்டு. அண்டா, குண்டா, பெரிய கரண்டி, ஜமுக்காளம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எந்த வீட்டில் விசேஷம் நடந்தாலும் அங்கிருந்து எடுத்துப் போவார்கள். முடிந்ததும் தேய்த்துக் கழுவித் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொரு வீடும் ஐம்பது படி அண்டா வாங்கி வைக்க முடியாது, அதற்குத் தேவையும் இல்லை. பத்து அண்டா இருந்தால் ஊருக்கே போதும், ஒரே ஒரு நிபந்தனையோடு: போனது திரும்பி வர வேண்டும்.

கனெக்ஷன் பூல் என்பது இதுதான். நீங்கள் ரயில் டிக்கெட்டோ சாப்பாடோ ஆன்லைனில் ஆர்டர் செய்யும்போது, பின்னால் இருக்கிற நிரல் ஒரு டேட்டாபேஸிடம் பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடர்பு ஏற்படுத்துவது செலவு பிடிக்கிற காரியம். கை குலுக்க வேண்டும், கடவுச்சொல் சரிபார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸில் ஒவ்வொரு தொடர்புக்கும் தனியாக ஒரு ப்ராசஸே உருவாகிறது. அதனால் கொஞ்சம் தொடர்புகளை முன்கூட்டியே திறந்து பொதுவில் வைத்துவிடுகிறார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார், சில மில்லி விநாடிகளில் வேலையை முடித்துத் திரும்ப வைப்பார். ஜாவா உலகில் பரவலாகப் பயன்படுகிற ஹிகாரி என்கிற பூல், எதுவும் மாற்றாமல் விட்டால், அதிகபட்சம் 10 தொடர்புகளை வைத்துக்கொள்ளும். பத்து அண்டா. அதை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேருக்குப் பந்தி நடத்தலாம்.

யாரோ ஒருவர் எடுத்ததை வைக்காமல் போகிற வரைக்கும்.

2

திருப்பி வைக்காமல் போவது எப்படி நடக்கிறது? கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. நிரலில் 'எடு', 'வேலை செய்', 'திருப்பி வை' என்று மூன்று வரிகள் இருக்கின்றன. எல்லாம் நல்லபடியாக நடக்கும் நாளில் மூன்றும் வரிசையாக ஓடும். எழுதியவர் சோதித்துப் பார்த்தது அந்த நல்ல நாளைத்தான். இரண்டாவது வரியில் ஏதோ தடுக்கி, நிரல் பாதியில் வெளியேறுகிற நாளில், மூன்றாவது வரி ஓடாமல் போகிறது. வாங்கியவர் போய்விட்டார். வாங்கியது எங்கோ கிடக்கிறது. பூல் அவருக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது.

மைக்கேல் நைகார்ட் 2007-ல் எழுதிய 'ரிலீஸ் இட்!' என்கிற புத்தகம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழக்கமானது. அதில் அவர் ஒரு விமான நிறுவனத்தின் கதையைச் சொல்கிறார், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல். ஒரு நாள் இரவு, திட்டமிட்டபடி, டேட்டாபேஸை ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார்கள். மாற்றம் நல்லபடியாக முடிகிறது. எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, விமான நிலையங்களில் பயணிகள் தாமாகவே செக்-இன் செய்கிற கியாஸ்க் இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன.

காரணத்தைத் தேடிப் போனால், விமானங்களைத் தேடித் தருகிற ஒரு சின்னப் பகுதிக்கு வந்து நிற்கிறது கதை. அதை எழுதியவர் அசட்டையானவர் அல்ல. 'எது நடந்தாலும் கடைசியில் இதைச் செய்' என்று சொல்கிற ஃபைனலி பகுதிக்குள்தான் திருப்பி வைக்கும் வரியை எழுதியிருக்கிறார். ஆனால் அதற்குள் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, கேள்வி கேட்கப் பயன்பட்ட ஸ்டேட்மென்டை மூடுவது. இரண்டாவது வரி, தொடர்பைத் திருப்பி வைப்பது. டேட்டாபேஸ் இடம் மாறியதால் பழைய தொடர்புகள் எல்லாம் செத்துப்போயிருந்தன. செத்த தொடர்பில் ஸ்டேட்மென்டை மூடப் போனபோது முதல் வரியே தடுக்கி விழுந்தது. இரண்டாவது வரி ஓடவேயில்லை. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு தொடர்பு கசிந்தது. பூல் காலியானது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் காத்து நின்றார்கள், அவர்களை நம்பியிருந்தவர்களும் காத்து நின்றார்கள், கடைசியாக விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கிற மனிதர்களும்.

இந்தக் கதையில் யாரைத் திட்டுவது? பொறுப்பில்லாதவர் என்று யாரையும் சொல்ல முடியவில்லை. பாத்திரத்தைத் திருப்பித் தர மறந்தவர்கூட இல்லை இவர். திருப்பித் தரக் கிளம்பியவர் வாசற்படியில் தடுக்கி விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கையிலிருந்த பாத்திரத்தைப் பற்றிக் கேட்பதற்கு ஆளில்லை.

3

நான் சொல்ல வருகிற விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. கசிவு நடக்கும்போது சத்தம் வருவதில்லை. கசியவிட்டவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் போவதில்லை. அவருக்கு அன்று எல்லாம் சரியாகவே நடந்தது, அல்லது வேறு ஏதோ சின்னப் பிழையோடு முடிந்துபோனது. சத்தம் போடுகிறவர் வேறு ஒருவர். பூல் காலியான பிறகு வந்து, 'ஒரு தொடர்பு வேணும்' என்று கேட்டு, ஹிகாரியில் மாற்றாமல் விட்டிருந்தால் 30 விநாடி காத்திருந்து, கிடைக்காமல் விழுகிறவர். பிழைச் செய்தியில் இருப்பது அவருடைய முகவரி. அவருடைய கோப்பு, அவருடைய வரி எண்.

அதாவது, பாதிக்கப்பட்டவரின் பெயரில் புகார் பதிவாகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் இடத்திலும் அவரே நிற்கிறார்.

ஒரு நிறுவனத்தில் இதை நேரில் பார்த்தேன். பணம் செலுத்தும் பக்கத்தில் மதியத்துக்கு மேல் பிழைகள் குவிய ஆரம்பித்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு பெண். எல்லோரும் அழைப்பில் இருந்தோம். மேலாளர் கேட்டார்: "உங்க மாட்யூல்லதானேம்மா எர்ரர் வருது? நேத்து என்ன மாத்தினீங்க?"

"எதுவும் மாத்தல சார். நான் கனெக்ஷன் கேக்குறேன், கிடைக்க மாட்டேங்குது. அவ்ளோதான் சார்."

"மத்தவங்க யாருக்கும் இவ்ளோ வரலையே. உங்களுக்கு மட்டும் ஏன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் எளிமையானது, ஆனால் பதற்றத்தில் இருக்கும் யாருக்கும் அது தோன்றாது. பணம் செலுத்தும் பக்கம்தான் அதிகம் கேட்கிற பக்கம். அதிகம் கேட்கிறவருக்குத்தான் பற்றாக்குறை அதிகம் தென்படும். ஊர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதை முதலில் கத்திச் சொல்வது, அதிகக் குடம் வைத்திருக்கிற வீடு. அவர்கள் தண்ணீரைத் திருடியதாக அதற்கு அர்த்தமில்லை.

டேட்டாபேஸைக் கவனிக்கிற அண்ணனை எழுப்பினார்கள். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேட்டாபேஸ் சும்மாதான்பா உக்காந்திருக்கு. ஒரு வேலையும் இல்ல அதுக்கு." கசிவின் அடையாளமே இதுதான். கிடங்கில் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார், வாசலில் கூட்டம் அலைமோதுகிறது.

கடைசியில் கிடைத்த இடம், யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு மாத அறிக்கைப் பக்கம். அறிக்கையில் காட்ட எதுவும் இல்லையென்றால், 'தகவல் இல்லை' என்று சொல்லிவிட்டு நிரல் அங்கேயே திரும்பிவிடும். திருப்பி வைக்கும் வரி அதற்குக் கீழே இருந்தது. மாதத் தொடக்கம் என்பதால் பலருடைய அறிக்கை காலியாக இருந்தது. ஒவ்வொரு காலி அறிக்கைக்கும் ஒரு தொடர்பு போனது. திருத்தம் ஐந்து நிமிட வேலை. எல்லோரும் அழைப்பை முடித்துக்கொண்டு போனோம். அந்தப் பெண்ணிடம் யாரும் 'ஸாரிம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

4

இந்த இடத்தில் வழக்கமாக எடுக்கப்படுகிற முடிவு ஒன்று உண்டு. "பூல் சைஸை ஏத்திடு மச்சி." பத்து போதவில்லை, நூறாக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் கோரிக்கைக்கு ஒன்று கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 50 கோரிக்கைகள் வருகின்றன. பத்துத் தொடர்புகளும் தீர 10,000 கோரிக்கைகள் வேண்டும், அதாவது 200 நிமிடம், மூன்று மணி நேரம் இருபது நிமிடம். பூலை நூறாக்கினால் 2,000 நிமிடம், அதாவது முப்பத்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மதியம் வந்துகொண்டிருந்த பிரச்சினை இனி மறுநாள் ராத்திரி வரும். பிரச்சினை அப்படியே இருக்கிறது, அது வெளிப்படுகிற நேரம் மட்டும் யாரும் விழித்திருக்காத நேரத்துக்குத் தள்ளிப்போகிறது.

இதில் இன்னொரு அநியாயமும் சேர்கிறது. டேட்டாபேஸ் பக்கத்திலும் ஒரு வரம்பு உண்டு. போஸ்ட்கிரெஸில் மாற்றாமல் விட்டால் மொத்தம் 100 தொடர்புகள், அதிலும் 3 நிர்வாகிக்கு என்று ஒதுக்கப்பட்டவை. நம் பயன்பாடு கசியவிட்டே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டால், அதே டேட்டாபேஸை நம்பியிருக்கிற மற்றப் பயன்பாடுகளும் வாசலில் நிற்கும். நம் வீட்டு மறதியை அடுத்த தெருவுக்கும் கொண்டுபோயாகிவிட்டது. பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் கிடக்கிற தொடர்பு என்றால் இன்னும் மோசம். அந்தப் பரிவர்த்தனைக்குத் தேவைப்படலாம் என்று கருதி, செத்த வரிகளை டேட்டாபேஸால் துப்புரவு செய்ய முடியாமல் போகும். எதையும் செய்யாமல் வெறுமனே வைத்திருப்பதே ஒரு செயல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தேவை உண்மையிலேயே கூடியிருக்கிறதா, அல்லது எங்கோ திருப்பி வராமல் கிடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய ஒரு விதி, வரிசையில் நிற்கிற எதற்கும் பொருந்தும்: சராசரியாக உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை, வருகிற வேகத்தை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தால் பெருக்கியது. விநாடிக்கு 200 பேர் வந்து, ஒவ்வொருவரும் 0.02 விநாடி தொடர்பை வைத்திருந்தால், சராசரியாக 4 தொடர்புகள் பயன்பாட்டில் இருக்கும். பத்து இருந்தும் போதவில்லை என்றால் ஏதோ சரியில்லை. அதைவிட நல்ல சோதனை, கூட்டமே இல்லாத அதிகாலை மூன்று மணிக்குப் போய்ப் பார்ப்பது. தேவை கூடியதால் வந்த நெருக்கடி என்றால், கூட்டம் போனதும் எண்ணிக்கை இறங்கிவிடும். கசிவு என்றால் இறங்காது. அது படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும், எந்த ராத்திரியிலும் கீழே வராது.

பற்றாக்குறை என்று யாராவது சொல்லும்போது, 'இன்னும் வாங்கணும்' என்று முடிவெடுப்பதற்கு முன்னால், 'போனது எல்லாம் திரும்பி வந்ததா?' என்று ஒருமுறை கேட்பது எவ்வளவு எளிது. ஆனால் அந்தக் கேள்வி சங்கடமானது. முதல் முடிவுக்குப் பணம் போதும். இரண்டாவது கேள்விக்கு யாரையாவது முகத்தைப் பார்த்து விசாரிக்க வேண்டியிருக்கிறது.

5

விசாரிப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஊர்ப் பாத்திரங்களுக்கு அது எப்போதும் இருந்திருக்கிறது. யார், எந்தத் தேதி, எத்தனை அண்டா. பூல்களிலும் இருக்கிறது. ஹிகாரியில் லீக் கண்டுபிடிப்பை இயக்கினால், ஒவ்வொரு தொடர்பும் எடுக்கப்படும்போது, எடுத்தவர் எந்த வழியாக வந்தார் என்கிற முழுத் தடத்தையும் குறித்து வைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட நேரத்துக்குள் திருப்பி வராவிட்டால் அந்தத் தடத்தைப் பதிவேட்டில் எழுதும். கசிந்த பிறகு தேடினால் தடம் கிடைக்காது, எடுக்கும்போதே குறித்தால்தான் உண்டு. இந்த வசதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டுமென்றால் நாமாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பதிவின் மொழி என்னை யோசிக்க வைத்தது. 'கசிந்துவிட்டது' என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. 'கசிந்ததாகத் தோன்றுகிறது' என்கிற பொருளில்தான் எழுதுகிறது. ஏனென்றால் அதற்குத் தெரிந்தது தாமதம் மட்டும். நீண்ட நேரம் பிடிக்கிற நியாயமான வேலையாகவும் இருக்கலாம். பிறகு அந்தத் தொடர்பு திரும்பி வந்துவிட்டால், 'முன்பு கசிந்ததாகச் சொன்னது திரும்பி வந்துவிட்டது' என்று இன்னொரு வரி எழுதுகிறது. சொன்ன பழியை அதே பதிவேட்டில் திரும்பப் பெறுகிறது. நம் அலுவலகங்களிலும் வீடுகளிலும் எத்தனை பேர் இதைச் செய்வோம்?

ஆனால் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. சந்தேகத்தைச் சொல்லும் வரி 'எச்சரிக்கை' என்கிற நிலையில் எழுதப்படுகிறது. சந்தேகத்தைத் திரும்பப் பெறும் வரி 'தகவல்' என்கிற நிலையில். பதிவேடு பெருத்துவிடும் என்று பல இடங்களில் தகவல் நிலையை வடிகட்டி விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பழி மட்டும் கண்ணில் படும், விடுதலை படாது. எழுதியவர்கள் மேல் தப்பில்லை, எச்சரிக்கை அவசரம், விடுதலை அவசரமில்லை. முதல் பக்கத்தில் வந்த குற்றச்சாட்டுக்கு ஏழாம் பக்கத்து மூலையில் வருத்தம் தெரிவிக்கிற பத்திரிகை மாதிரிதான். அழைப்பை முடித்துக்கொண்டு போன நாங்களும் அதையே செய்தோம். "உங்க மாட்யூல்லதானேம்மா" என்பது எல்லோர் காதிலும் விழுந்தது. "அவங்க மாட்யூல்ல இல்ல" என்பது ஒரு டிக்கெட்டின் கடைசிக் குறிப்பில் கிடந்தது.

6

சரி, உண்மையில் கசியவிட்டவரைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அவரை என்ன செய்வது?

நிரலர்கள் பயன்படுத்துகிற கிட் என்கிற கருவியில் ஒரு கட்டளை இருக்கிறது, அதன் பெயரே 'பிளேம்', பழி. ஒரு கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் தொட்டார் என்று சொல்லும். 'கடைசியாகத் தொட்டவர்' என்பதைக் கவனிக்க வேண்டும். இடைவெளியைச் சரிசெய்தவராக இருக்கலாம், அந்த வரியை வேறு கோப்புக்கு நகர்த்தியவராக இருக்கலாம். பழி என்று பெயர் வைத்துவிட்டு, அருகில் நின்றவரைக் காட்டுகிறது கருவி.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அந்த அறிக்கைப் பக்கத்தில் இருந்த அதே பிழை, வேறொரு நிறுவனத்தில், வாரம் ஒருமுறை புதிய பதிப்பு ஏற்றப்படுகிற பயன்பாட்டில் இருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் பயன்பாடு அணைந்து எரியும், கசிந்தவை எல்லாம் அதோடு போய்விடும், பூல் புதிதாகத் தொடங்கும். பண்டிகைக் காலத்தில் புதிய பதிப்பு எதையும் ஏற்றக் கூடாது என்று நிறுத்தி வைக்கும்போதுதான் பூல் தீரும். இரண்டு பேர் ஒரே வரியை, ஒரே கவனத்தோடோ கவனமில்லாமலோ எழுதுகிறார்கள். ஒருவர் பெயரில் பெரிய விபத்து, இன்னொருவருக்குப் பதவி உயர்வு.

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தக் குழப்பத்துக்கு 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்து விவாதித்தார்கள். நம் கையில் இல்லாத விஷயங்களுக்காக ஒருவரைப் போற்றவோ தூற்றவோ கூடாது என்று நம்புகிறோம். ஆனால் நடைமுறையில் விளைவைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதுகிறோம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பத்திரமாக வீடு சேர்ந்தவருக்கும், குறுக்கே ஒரு குழந்தை வந்துவிட்டவருக்கும் இடையில் இருப்பது சாலையில் யார் நடந்தார் என்பது மட்டுமே.

இதை உணர்ந்துதான் மென்பொருள் உலகில் 'பழியற்ற விசாரணை' என்கிற பழக்கம் பரவியது. 2012-ல் எட்ஸி நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா இதைப் பற்றி எழுதியது பலரும் படித்த கட்டுரை. தவறு செய்தவரைத் தண்டித்தால் அடுத்த முறை உண்மை வெளியே வராது. ஆகவே 'யார்' என்று கேட்காதே, 'அந்த நேரத்தில் அது ஏன் அவருக்குச் சரியாகத் தோன்றியது' என்று கேள். நல்ல பழக்கம். இதை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. 'யாரையும் பழி சொல்ல வேண்டாம்' என்பதை மேலே இருப்பவர்கள்தான் அதிக ஆர்வத்தோடு சொல்கிறார்கள். ஏனென்றால் அடுத்த கேள்வி அவர்களிடம் போகும். லீக் கண்டுபிடிப்பை ஏன் யாரும் இயக்கவில்லை? 'அடுத்த ஸ்பிரின்ட்ல பாத்துக்கலாம்' என்று எத்தனை முறை தள்ளிப் போட்டீர்கள்? முதல் அரை மணி நேரம் இளையவரைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு, கேள்வி மேலே ஏறுகிற நேரத்தில் 'சரி, இது சிஸ்டம் இஷ்யூ' என்று முடித்துக்கொள்வது பழியற்ற விசாரணை ஆகாது. பழி சொல்லாமல் இருப்பதும் பொறுப்பு ஏற்காமல் இருப்பதும் வேறு வேறு. முதலாவதில் தண்டனை இல்லை, ஆனால் பதில் சொல்லும் கடமை எல்லோருக்கும் இருக்கிறது. இரண்டாவதில் பதிலும் இல்லை.

7

பொதுச் சொத்து ஏன் அழிகிறது என்று கேட்டால், 1968-ல் காரெட் ஹார்டின் சொன்ன விளக்கத்தைத்தான் பலரும் சொல்வார்கள். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தன் லாபத்துக்காக இன்னொரு மாட்டைச் சேர்த்துக்கொண்டே போவார், கடைசியில் புல் தீர்ந்துவிடும். பேராசைதான் காரணம். பின்னால் எலினோர் ஆஸ்ட்ரம் 1990-ல் வெளிவந்த தன் புத்தகத்தில், உலகின் பல பகுதிகளில் மக்கள் பொது நீரையும் காட்டையும் மேய்ச்சலையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருப்பதைக் காட்டினார். அவர்களிடம் விதிகள் இருந்தன, கண்காணிப்பு இருந்தது, முதல் தவறுக்குச் சின்னதாகவும் அடுத்தடுத்த தவறுக்குப் பெரிதாகவும் தண்டனை இருந்தது. 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

கனெக்ஷன் லீக் இந்த விவாதத்தில் ஒரு சின்னத் திருத்தத்தைச் சேர்க்கிறது என்று நினைக்கிறேன். ஹார்டினின் இடையனுக்கு ஒரு மாடு லாபம். கசியவிட்டவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அந்தத் தொடர்பை அவர் பயன்படுத்தவும் இல்லை. அவர் கையில் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. நம்முடைய அறச் சொற்கள் பெரும்பாலும் ஆசைக்காரரைப் பிடிப்பதற்காக உருவானவை. திருட்டு, சுரண்டல், வஞ்சகம், பேராசை. கவனக்குறைவைப் பிடிக்க நம்மிடம் நல்ல வலை இல்லை. ஆனால் நாம் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற தீங்கில் எவ்வளவு இந்த இரண்டாவது வகை என்று யோசித்துப் பாருங்கள். பதில் போடாமல் விட்ட கடிதம், கையெழுத்துப் போடாமல் மேசையில் கிடக்கிற கோப்பு, 'பாத்துட்டுச் சொல்றேன்' என்று வாங்கி வைத்த கையெழுத்துப் பிரதி. வைத்திருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. காத்திருப்பவருக்கு அதுதான் எல்லாம்.

கவனக்குறைவுக்குப் புத்திமதி மருந்தாகாது. 'இனிமே கவனமா இருங்க' என்று சொல்லிக் கசிவு நின்றதாக வரலாறு இல்லை. அதனால்தான் மொழிகளை உருவாக்கியவர்கள் வேறு வழி தேடினார்கள். 2006-ல் பைத்தான் 2.5-ல் 'வித்' வந்தது. 2011-ல் ஜாவா 7-ல் 'ட்ரை-வித்-ரிசோர்சஸ்' வந்தது. எடுக்கும் வரியையே, திருப்பி வைப்பதும் அதற்குள் அடங்கும்படி எழுதுகிற முறை. நடுவில் எங்கே தடுக்கி விழுந்தாலும், எந்த வாசல் வழியாக வெளியேறினாலும், எடுத்தது தானாகத் திரும்பிப் போகும். நைகார்டின் கதையில் நடந்தது மாதிரி ஒன்றை மூடும்போது பிழை வந்தாலும், அடுத்ததும் மூடப்படும். நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: தானாக நடக்கிற நல்லதில் அறம் எங்கே இருக்கிறது? காண்ட் 1785-ல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரரைச் சொல்கிறார். அவர் யாரையும் ஏமாற்றுவதில்லை, ஏனென்றால் ஏமாற்றினால் வியாபாரம் போய்விடும். அவர் செய்வது சரி, ஆனால் அதற்கு அற மதிப்பு இல்லை, அது கடமையுணர்விலிருந்து வரவில்லை என்கிறார் காண்ட். அப்படியானால் கட்டமைப்பால் நேர்மையாக்கப்பட்ட நிரலருக்கு என்ன மதிப்பு?

வரிசையில் நிற்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. அவருக்குத் தொடர்பு கிடைத்தது, போதும். ஆனால் வைத்திருப்பவரின் பக்கத்திலிருந்தும் ஒரு பதில் இருக்கிறது. அறம் அங்கே காணாமல் போகவில்லை, முன்னால் நகர்ந்துவிட்டது. 'எனக்கு மறக்கும். அவசரத்தில் இருப்பேன், களைப்பாக இருப்பேன், தடுக்கி விழுவேன்' என்று தெளிவான மனநிலையில் ஒப்புக்கொண்டு, அந்த நாளுக்காக இன்றைக்கே ஏற்பாடு செய்து வைப்பது ஒரு செயல். மாதத் தொடக்கத்திலேயே வாடகையைத் தனியாக எடுத்து வைக்கிற குடும்பத் தலைவி செய்வது அதுதான். மறதி குற்றமில்லை. மறதி வரும் என்று தெரிந்தும் ஏற்பாடு செய்யாமல் இருப்பதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் கட்டமைப்பிடம் விட்டுவிடவும் முடியாது. திருப்பித் தராதவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிற ஏற்பாடுகளும் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் 9.6-ல், 2016-ல், பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டுச் சும்மா இருப்பவரை இத்தனை நேரத்துக்கு மேல் துண்டித்துவிடு என்று சொல்கிற அமைப்பு வந்தது. தேவையான அமைப்பு. ஆனால் அது காரணம் கேட்காது. டேட்டாபேஸுக்கு வெளியே ஏதோ ஒரு நியாயமான நீண்ட கணக்கை முடித்துவிட்டு வருவதற்காகக் காத்திருந்தவரையும், கைவிட்டுப் போனவரையும் ஒரே மாதிரி வெட்டும். எத்தனை விநாடி என்று ஒரு எண்ணைப் போடுகிறவர், யாருடைய தாமதத்தை மன்னிப்பது என்று முடிவு செய்துகொண்டிருக்கிறார். அது தொழில்நுட்ப எண் மட்டும் அல்ல.

8

கடைசியாக ரீஸ்டார்ட். எல்லாக் கசிவுக்கும் உடனடி மருந்து அதுதான். அணைத்து எரித்தால் எல்லாத் தொடர்பும் திரும்பி வந்துவிடும், வரிசை நகரும், மேலாளர் முகம் தெளியும். வாசலில் மனிதர்கள் நின்றுகொண்டிருக்கும்போது 'முதலில் மூலகாரணம்' என்று அடம் பிடிப்பதும் அறமில்லை. அவர்களை முதலில் அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் நினைவும் போய்விடும். யார் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்கிற ஆதாரம் முழுவதும் அந்த விநாடியில் அழிகிறது. ஆகவே அனுபவசாலிகள் ஒரு நிமிடம் நிறுத்தி, அந்த நேரத்தில் உள்ளே யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பதிவெடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அணைப்பார்கள்.

மன்னிப்பதற்கும் மறப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு நிமிடம்தான். பதிவெடுத்துவிட்டு அணைத்தால் மன்னிப்பு. பதிவெடுக்காமல் அணைத்தால், அதே மனிதர்களை அடுத்த வாரமும் வாசலில் நிற்க வைக்கப் போகிறோம் என்று பொருள்.

நூலகத்து மாணவிக்குத் திரும்பி வருவோம். திருடியவரும் திருப்பித் தராதவரும் அவளுக்கு ஒரே தீங்கைத்தான் செய்தார்கள், ஆனாலும் இருவரும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன். திருடியவருக்குத் தான் செய்தது தெரியும். திருப்பித் தராதவருக்குத் தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். கோபமாகச் சொன்னால் ஒளிப்பார், சொல்லாமலே விட்டால் வைத்திருப்பார். 'உங்ககிட்ட ஒண்ணு இருக்கு, இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்காங்க' என்று சொல்கிற நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தால், பெரும்பாலோர் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். எனவே நம் கடமை வாங்கியதைத் திருப்பித் தருவதோடு முடிவதில்லை. அந்த நோட்டை வைத்திருப்பதும், அதில் நம் பெயரும் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் அதில் சேரும்.

கூடவே இன்னொன்று. அடுத்த முறை யாராவது 'எனக்குக் கிடைக்கவில்லை' என்று கத்தும்போது, 'நீ என்ன மாத்தினே?' என்று கேட்பதற்கு முன்னால், சத்தமே போடாமல் வைத்துக்கொண்டிருப்பவர் யார் என்று ஒருமுறை பார்த்துவிடலாம். அவர் நாமாகவும் இருக்கலாம்.